வாக்குத்தத்த அட்டையும் பாபிலோனுக்குப் போன கடிதமும்

1

1979 டிசம்பர் 31 இரவு. திருநெல்வேலிச் சீமையில் எங்கள் ஊர்க் கோயில். (புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர்கள் அங்கே சர்ச்சைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் சொல்வார்கள்.) பன்னிரண்டு மணி அடித்து, புதுவருஷ ஜெபம் முடிந்ததும், தாம்பாளத்தில் குவித்து வைத்திருந்த சின்னச் சின்ன அட்டைகளிலிருந்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்த வசனம். பார்க்காமல் எடுக்க வேண்டும் என்பது விதி. என் அத்தைக்கு வந்தது எரேமியா 29:11. தேவன் தம் ஜனங்களைக் குறித்து வைத்திருக்கும் எண்ணங்கள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை. அவர்கள் காத்திருக்கும் முடிவு அவர்களுக்குக் கிடைக்கும் என்கிற வசனம்.

அத்தையின் ஒரே மகன் அப்போது சிறுநீரகக் கோளாறால் படுத்த படுக்கையாகக் கிடந்தான். 'முடிவு' என்ற சொல்லை அத்தை ஆஸ்பத்திரி ரிசல்ட் என்றே வாசித்தாள். வேறு எப்படி வாசிப்பாள்? அட்டை அலமாரிக் கண்ணாடியில் ஏறியது. 1980 ஆகஸ்டில் அவன் செத்துப்போனான். துக்கம் கேட்க வந்த வெளியூர் ஊழியர் ஒருவர், 'வசனம் பொய்யாகாதும்மா, நீங்கதான் விசுவாசத்தோட பற்றிப் பிடிக்கல' என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு வருஷங்களுக்குப் பிறகு, சென்னையில் முதுகலை படித்துக்கொண்டிருந்த நான், விவிலிய வரலாற்று விமர்சனம் பற்றி இரண்டு மூன்று புத்தகங்கள் வாசித்த சூட்டோடு ஊருக்குப் போனேன். அந்த வசனம் தனி ஆளுக்குச் சொல்லப்பட்டதல்ல, கி.மு. ஆறாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாபிலோனுக்குக் கடத்தப்பட்ட யூதர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி, அதிலும் எழுபது வருஷம் கழித்து நடக்கப்போவது பற்றியது என்று அத்தையிடம் விளக்கினேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்ததா தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அத்தை கேட்டாள்:

'எழுபது வருசமா? அப்பம் கேட்ட பெரியாளுவ ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாவளே. பெறவு அந்தக் கடுதாசியத் தூரப் போடாம வச்சிருந்தது யாரு?'

என்னிடம் பதில் இல்லை. நான் வாசித்த புத்தகங்கள் 'சரியான பொருள் எது' என்று கேட்டனவே தவிர, நிறைவேறாத வாக்கை யார், எதற்காகப் பாதுகாத்தார்கள் என்று கேட்கவில்லை. அத்தையின் கேள்வி இறையியல் கேள்வி மட்டுமல்ல, சுத்தமான வரலாற்றுக் கேள்வியும்கூட. இக்கட்டுரை அதைத் தொட்டுச் செல்லும் முயற்சி.

2

முதலில் அட்டை. ஒரு வரியை ஒரு நூலிலிருந்து பிய்த்து, ஒரு ஆளின் கையில், ஒரு வருஷத்துக்கென்று கொடுக்க முடிவது எப்படி? வசன எண்கள் இல்லாமல் இது சாத்தியமில்லை. இன்று நாம் பயன்படுத்தும் எண் முறையை 1551இல் புதிய ஏற்பாட்டிலும், 1553இல் முழு விவிலியத்திலும் அச்சேற்றியவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சகர். எண்ணிட்டதும் ஒவ்வொரு வரியும் தனிச்சொத்தாகிவிட்டது. பிறகு பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் பக்தி இயக்கம். ஹெர்ன்ஹூட் மொராவிய சபையார் நாளுக்கொரு வசனம் என்று 1731 முதல் அச்சிட்டார்கள். அந்த வசனங்களை இன்றும் சீட்டெடுத்தே தேர்கிறார்கள். 1718இல் வெளிவந்த போகாட்ஸ்கியின் பொற்பேழை என்ற நூலும் நாளுக்கொரு வசனம் தருவதுதான். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் அதே பக்தி இயக்கத்தின் ஹாலே நகரத்து வார்ப்பு. எங்கள் ஊர்த் தாம்பாளத்துக்கும் ஹெர்ன்ஹூட்டுக்கும் நேர்க்கோடு போட நான் முயலவில்லை. ஆனால் இந்த வாசிப்புப் பழக்கம் ஒரு அச்சுப் பண்பாட்டின் விளைவு, ஆதியிலிருந்தே இருந்ததல்ல என்பது மட்டும் இங்கு முக்கியம்.

இந்த வாசிப்பில் அழிந்துபோவது இரண்டு: காலம், கூட்டம். எழுபது வருஷம் என்று சொல்லும் 10ஆம் வசனம் அட்டையில் வருவதில்லை. 'உங்களுக்கு' என்பது 'எனக்கு' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே சொல் என்பதால் அங்கே இந்தக் குழப்பம் நேர்வதைப் புரிந்துகொள்ளலாம். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. அதில் தேவன் ஒரு மனிதனை அழைத்தால் 'நீ'. மனிதன் தேவனை அழைத்தால் 'நீர்'. 'நீங்கள்' என்று வந்தால் அது பன்மைதான், மரியாதையல்ல. எபிரேயத்திலும் அங்கே இருப்பது பன்மையே. இலக்கணம் பளிச்சென்று கண்முன் இருந்தும் நாம் ஒருமையாகவே வாசித்தோம் என்றால், கோளாறு மொழிபெயர்ப்பில் இல்லை. அட்டை என்கிற வடிவத்தில் இருக்கிறது.

3

இனி கடிதத்துக்கு வருவோம். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். இதற்கு விவிலியம் மட்டும் சாட்சியல்ல. பிரிட்டிஷ் மியூசியத்திலுள்ள பாபிலோனிய நாளாகமக் களிமண் பலகை (1956இல் வைஸ்மன் வெளியிட்டது), அவனுடைய ஏழாம் வருஷம் ஆதார் மாதம் இரண்டாம் தேதி யூதாவின் நகரம் பிடிபட்டதையும், மன்னன் சிறைப்பட்டதையும், பாபிலோனுக்கு இசைவான வேறொருவன் அமர்த்தப்பட்டதையும் குறித்து வைத்திருக்கிறது. பிடிபட்டவன் யோயாக்கீன்; அமர்த்தப்பட்டவன் சிதேக்கியா.

கடத்தப்பட்டவர்கள் யார்? அரச குடும்பம், அதிகாரிகள், போர்வீரர்கள், தச்சர், கொல்லர். இரண்டாம் இராஜாக்கள் நூல் 24ஆம் அதிகாரத்தில் பத்தாயிரம் பேர் என்கிறது. எரேமியா 52ஆம் அதிகாரம் 3,023 பேர் என்கிறது. எண்ணிக்கை எதுவானாலும், தேசத்தில் மிஞ்சியவர்கள் ஏழைகள் மட்டுமே என்று இராஜாக்கள் நூல் சொல்வதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

இப்படிப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதமே 29ஆம் அதிகாரம். கொண்டுபோனவர்கள் யார் என்பதையும் பிரதி சொல்லிவிடுகிறது: சாப்பானின் மகன் எலெயாசா, இல்க்கியாவின் மகன் கெமரியா. இவர்கள் சிதேக்கியா பாபிலோன் அரண்மனைக்கு அனுப்பிய அரசுத் தூதுவர்கள். ஆக, இது ரகசியத் துண்டறிக்கை அல்ல. அரசாங்கத் தபால் பையில் போன கடிதம். சாப்பான் குடும்பத்தைச் சேர்ந்த அகீக்காம்தான் முன்னொரு சமயம் எரேமியாவைக் கொலையிலிருந்து காப்பாற்றியவன். அகீக்காமின் மகன் கெதலியாவைத்தான் கி.மு. 586 அழிவுக்குப் பிறகு பாபிலோன் தன் ஆளுநராக வைத்தது. கடிதத்துக்குப் பின்னால் ஒரு கட்சி இருந்தது என்று சொல்வது மிகையாகாது.

கடிதம் சொல்வதென்ன? வீடு கட்டுங்கள், குடியிருங்கள். தோட்டம் போடுங்கள், பலனைச் சாப்பிடுங்கள். கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளைகளுக்கும் பண்ணிவையுங்கள். இது வெறும் நல்லுபதேசமாகத் தோன்றும். ஆனால் உபாகமம் 20ஆம் அதிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புது வீடு கட்டியவன், திராட்சைத்தோட்டம் நட்டவன், பெண்ணை நிச்சயித்தவன் - இந்த மூவரையும் யுத்தத்துக்கு அழைக்காமல் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். வீடு, தோட்டம், கல்யாணம் என்று அதே மூன்றையும் கடிதம் அடுக்கும்போது, சட்டம் தெரிந்த மூப்பர்களுக்குச் சேதி புரிந்திருக்கும்: இப்போது சண்டை வேண்டாம்.

அடுத்தது இன்னும் கசப்பான சேதி. உங்களைப் பிடித்துப்போன நகரத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம்பண்ணுங்கள். எருசலேமின் சமாதானத்துக்காக ஜெபித்துப் பழகிய நாக்குகள் இனி பாபிலோனுக்காக ஜெபிக்க வேண்டும். 7ஆம் வசனத்தில் வரும் சமாதானமும் அட்டை வசனத்தின் சமாதானமும் எபிரேயத்தில் ஒரே சொல்தான், ஷாலோம். தமிழிலும் அப்படியே. தேவன் உங்களுக்கு நினைத்திருக்கும் நன்மை எதிரி நகரத்தின் நன்மையோடு முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது என்பதுதான் கடிதத்தின் வாதம். அட்டையில் அந்த முடிச்சு அறுந்துபோயிற்று.

4

இந்தக் கடிதத்துக்கு எதிர்க்குரல் இருந்தது. அதன் பெயர் அனனியா. சிதேக்கியாவின் நான்காம் வருஷம், ஆலயத்தில், ஜனங்கள் முன்னிலையில் அவன் அறிவித்தான்: இரண்டே வருஷம், பாபிலோனின் நுகம் முறியும், போனவர்கள் திரும்புவார்கள், ஆலயப் பாத்திரங்களும் திரும்பும். எரேமியா கழுத்தில் மாட்டியிருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினான் (அதிகாரம் 28).

பிற்கால வாசிப்பில் அனனியா வெறும் 'கள்ளத் தீர்க்கதரிசி'. ஆனால் அவன் கணக்கை அன்றைய நிலவரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏதோம், மோவாப், அம்மோன், தீரு, சீதோன் ஆகிய அரசுகளின் தூதர்கள் எருசலேமில் கூடியிருந்ததை 27ஆம் அதிகாரம் சொல்கிறது. கி.மு. 595-594இல் பாபிலோனுக்குள்ளேயே கலகம் வெடித்ததையும் நேபுகாத்நேச்சார் தன் சேனையில் பலரை வெட்டிப்போட்டதையும் மேற்சொன்ன நாளாகமப் பலகை பதிவு செய்கிறது. பேரரசு ஆட்டம் கண்டது போலத்தான் தெரிந்திருக்கும். அனனியா சொன்னது பைத்தியக்காரத்தனமல்ல. நியாயமான ஒரு அரசியல் எதிர்பார்ப்பு, அதற்கு ஒரு தேவ முத்திரை. அவன் பக்கம் தேசப்பற்றும் இருந்தது, ஜனங்களின் ஏக்கமும் இருந்தது. எரேமியாவிடம் இருந்தது ஒரு நீண்ட எண் மட்டுமே.

பாபிலோனிலும் இதே சண்டை. அங்கே ஆகாப், சிதேக்கியா என்ற இரண்டு தீர்க்கதரிசிகளை நேபுகாத்நேச்சார் நெருப்பில் வாட்டிக் கொல்வான் என்கிறது கடிதம். விபசாரமும் பொய்த் தீர்க்கதரிசனமும் குற்றங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் பேரரசன் ஒருவன் கைதிகளைப் பகிரங்கமாகச் சுட்டெரிப்பது கலகப் பேச்சுக்காகவே இருக்க முடியும் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். செமாயா என்பவன் பாபிலோனிலிருந்தே எருசலேம் ஆசாரியனுக்கு எழுதுகிறான்: இந்த எரேமியாவை ஏன் இன்னும் தொழுவில் மாட்டவில்லை? நெடுங்காலம் ஆகும், வீடு கட்டுங்கள் என்று எங்களுக்கு எழுதியிருக்கிறானே!

அதாவது, இன்று ஆறுதல் வசனமாக அச்சிடப்படும் கடிதம், கேட்ட முதல் ஆட்களுக்கு ஆறுதலாக இல்லை. ஆத்திரமூட்டியது.

5

எழுபது என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம். இதைக் காலண்டர் கணக்காக எடுத்தால் தடுமாற்றம்தான். கோரேசு பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539. 597இலிருந்து எண்ணினால் 58 வருஷம். ஆலயம் இடிந்த 586இலிருந்து, அது மறுபடி கட்டி முடிந்த 516இன் அருகே வரை எண்ணினால்தான் கிட்டத்தட்ட 70. ஆனால் இந்த எண் அக்காலத்து மேற்காசியாவின் பொது மொழியில் இருந்தது. அசீரிய மன்னன் எசரத்தோனின் கல்வெட்டுகளில் மர்தூக் தெய்வம் பாபிலோன் பாழாய்க் கிடப்பதற்கு எழுபது வருஷம் விதிக்கிறது. பிறகு மனமிரங்கி எண்ணைத் தலைகீழாக்கிப் பதினொன்றாக்குகிறது. ஆப்பெழுத்தில் 70ஐத் திருப்பினால் 11 வரும். எழுபது என்பது ஒரு மனித ஆயுள்; தெய்வ கோபத்தின் முழு அளவு. கடிதம் அதைப் பாபிலோனின் ஆட்சிக்கு அளந்து கொடுக்கிறது.

மர்தூக் எண்ணைத் திருப்பினார். எரேமியாவின் தேவன் திருப்பவில்லை. கடிதம் வாசிக்கக் கேட்ட மூப்பர்களில் யாரும் ஊர் திரும்பப்போவதில்லை. அவர்களுக்கு வந்த வாக்கு அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கானது. நாம் 'முடிவு' என்று வாசிக்கும் சொல் எபிரேயத்தில் 'அகரீத்': பின்னால் வருவது. சங்கீதம் 109 போன்ற இடங்களில் அதற்குச் சந்ததி என்றே பொருள் கொள்ளலாம். அதனோடு சேர்ந்து வரும் 'திக்வா' என்பது நம்பிக்கை. பின்னால் வருவதும் நம்பிக்கையும் என்று இரண்டாக நிற்பவை, காத்திருக்கும் முடிவு என்று ஒன்றாகிவிட்டன. 1611 ஆங்கில மொழிபெயர்ப்பு செய்த அதே காரியம். 1978இல் முழுமையாக வெளிவந்த புதிய சர்வதேச ஆங்கிலப் பதிப்போ ஷாலோமைச் செழிப்பு என்றே ஆக்கிற்று. அமைதி வளமாகி, வளம் தனிச்சொத்தாவதற்கு அப்புறம் அதிக தூரமில்லை.

இன்னொரு சங்கதி, இது எனக்கு மிகவும் பின்னால்தான் தெரியவந்தது. எரேமியா நூலின் பழைய கிரேக்க வடிவம் எபிரேய வடிவத்தைவிடக் கணிசமாகச் சிறியது. கும்ரான் குகையில் கிடைத்த ஒரு எபிரேயத் துணுக்கும் அந்தக் குறுவடிவத்தையே ஒத்திருப்பதால், நெடுவடிவம் பின்னால் வளர்ந்தது என்று பலரும் ஏற்கிறார்கள். கிரேக்க வடிவத்தில் இந்த வசனம் சமாதானத்தின் எண்ணத்தைச் சொல்கிறது. ஆனால் அந்த 'முடிவும் நம்பிக்கையும்' அதில் இல்லை. அப்படியானால், அட்டையில் நாம் பிடித்துத் தொங்கும் சொற்கள் எரேமியாவின் கையிலிருந்து வந்தவை அல்ல, கடிதத்தைக் காப்பாற்றி வைத்தவர்கள் பிற்பாடு சேர்த்தவையாக இருக்கலாம். மூல வாக்கியம், அதன் ஒரே பொருள் என்று நான் அத்தையிடம் அடித்துச் சொன்ன மூலமே அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை.

6

சேர்த்தவர்கள் வேறொன்றையும் சேர்த்தார்கள். அட்டை வசனத்துக்கு நாலைந்து வசனம் தள்ளி, 16 முதல் 20 வரை, எருசலேமிலேயே தங்கிவிட்டவர்களுக்கு ஒரு சாபம் இருக்கிறது: பட்டயம், பஞ்சம், கொள்ளைநோய், தின்ன முடியாத கெட்ட அத்திப்பழம் நீங்கள். இந்தப் பகுதியும் பழைய கிரேக்க வடிவத்தில் இல்லை. 24ஆம் அதிகாரத்தில் வரும் அத்திப்பழக் கூடைகளின் எதிரொலி இது: கடத்தப்பட்டவர்கள் நல்ல பழம், தங்கியவர்கள் அழுகல்.

ஆனால் தங்கியவர்கள் யார்? இராஜாக்கள் நூல் சொன்ன ஏழைகள். 586இல் இரண்டாம் முறை எருசலேம் அழிந்தபோது, ஒன்றுமில்லாத ஏழைகளுக்குப் பாபிலோனியத் தளபதி திராட்சைத்தோட்டங்களும் வயல்களும் கொடுத்ததாக எரேமியா 39ஆம் அதிகாரமே சொல்கிறது. ஒரு தரப்புக்குச் சிறையிருப்பு. இன்னொரு தரப்புக்கு வாழ்நாளில் முதல்முறையாக ஒரு துண்டு நிலம்! அந்த நிலம் தங்களுக்கே தரப்பட்டது என்று அவர்கள் சொல்லிக்கொண்டதை எசேக்கியேல் 33ஆம் அதிகாரம் கண்டனத்தோடு எடுத்துக்காட்டுகிறது. தேசம் முழுவதும் காலியாகக் கிடந்து ஓய்வனுபவித்தது என்று நாளாகம நூல் பின்னாளில் எழுதிற்று. பென்யமீன் பகுதி ஊர்களில் குடியிருப்பு தொடர்ந்ததை அகழாய்வு காட்டுகிறது. ஹான்ஸ் பார்ஸ்டாட் 1996இல் அந்தக் 'காலி நிலத்தை' ஒரு தொன்மம் என்றே அழைத்தார்.

ஆக, அத்தையின் கேள்விக்கு ஒரு பதில் இதுதான்: கடிதத்தைப் பாதுகாத்தவர்கள், அதனால் ஆதாயம் பெற்றவர்கள். திரும்பி வந்த எழுத்தர் குடும்பங்களுக்கும் ஆசாரியக் குடும்பங்களுக்கும் அந்த வாக்குத்தத்தம் ஒரு பட்டா. நல்ல பழங்கள் நாங்கள். தேவன் பெயர் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். நடுவில் உழுதுகொண்டிருந்தவன் கணக்கில் இல்லை. வாக்குத்தத்தங்களை வாசிக்கிறபோது யாருக்கு என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. யார் செலவில் என்றும் கேட்டாக வேண்டும்.

ஆனால் இது முழுப் பதிலாகாது. ஏனென்றால் போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை.

7

பாபிலோனில் ராபர்ட் கோல்டவே 1899 முதல் 1917 வரை நடத்திய அகழாய்வில் கிடைத்த பலகைகளில், யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவன் ஐந்து மகன்களுக்கும் எண்ணெய் படியளந்த கணக்கு இருப்பதை 1939இல் வைட்னர் வெளியிட்டார். ராஜாவுக்கு ரேஷன். சாதாரண ஜனங்களின் கதி பற்றி அதிகம் தெரியாமல் இருந்தது. 2014இல் லாரி பியர்ஸ், கொர்னீலியா வுன்ஷ் இருவரும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆப்பெழுத்துப் பலகைகளை வெளியிட்டார்கள். முறையான அகழாய்வில் வந்தவை அல்ல, பழம்பொருள் சந்தை வழியாக வந்தவை என்ற குறை உண்டு. ஆனால் அவற்றில் ஒரு ஊர் வருகிறது: அல்-யாகூது, யூதாவின் ஊர், பாபிலோனிய நாட்டுப்புறத்தில். மிகப் பழைய பலகை கி.மு. 572ஐச் சேர்ந்தது. எருசலேம் இடிந்து பதினான்கு வருஷம்தான் ஆகியிருக்கிறது.

என்ன இருக்கிறது அவற்றில்? பெரிதாக ஒன்றுமில்லை. வாற்கோதுமைக் கடன், பேரீச்சம்பழ வரி, வெள்ளிப் பாக்கி, சேவைக்குக் கைமாறாக ராஜா கொடுத்த நிலத்தின் குத்தகை, பாகப்பிரிவினை, அடிமை விற்பனை. பெயர்களில் மட்டும் யாவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பலகையில் செலேமியா என்ற பெயரைப் பழைய எபிரேய எழுத்தில் யாரோ கீறி வைத்திருக்கிறார்கள். பலகைகள் கி.மு. 477 வரை வருகின்றன. கோரேசு அனுமதி கொடுத்து அறுபது வருஷம் கழிந்தும் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், தோட்டம் போட்டு, வரி கட்டி, பிள்ளைகளுக்குச் சொத்துப் பிரித்துக்கொண்டு.

கடிதம் சொன்னதைத்தான் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு வழியில்லாமலும் செய்திருப்பார்கள். ஆனால் வீடு கட்டு, தோட்டம் போடு, கல்யாணம் பண்ணு என்ற அந்தச் சலிப்பூட்டும் பகுதிதான் உண்மையில் நிறைவேறிய பகுதி. அதில் அற்புதம் எதுவுமில்லை. திரும்பிப் போகாமலே பிழைத்தவர்களும் அந்தக் கடிதத்தை வைத்திருக்கக் காரணம் இருந்தது: ஊரை இழந்தது தேவனை இழந்ததாகாது என்று அதில் எழுதியிருந்தது.

1988இல் நான் அத்தையிடம் 'இது உங்களுக்கு எழுதினது இல்ல' என்றேன். அது பாதி உண்மை. மீதியை இப்போதுதான் சொல்ல முடிகிறது, அத்தை இல்லாத இந்தக் காலத்தில். அந்தக் கடிதம் எழுதப்பட்டதே, சீக்கிரம் நடந்துவிடும் என்று தேவன் பெயரால் நாள் குறித்தவர்களுக்கு எதிராகத்தான். துக்க வீட்டில் வந்து நின்று அத்தையின் விசுவாசத்தை எடைபோட்டவர் கையில் எரேமியாவின் வசனம் இருந்தது, பேச்சு அனனியாவினுடையது. சூழலோடு வாசித்திருந்தால் அந்த அதிகாரம் அத்தையின் பக்கம் நின்றிருக்கும். வாக்கு நிறைவேறாததைத் தன் வாழ்நாளிலேயே பார்த்துச் செத்தவர்களை அது எங்கும் விசுவாசமில்லாதவர்கள் என்று சொல்லவில்லை.

எங்கள் ஊரில் இப்போதும் டிசம்பர் 31 இரவு தாம்பாளம் வருகிறது. நானும் ஒன்று எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அந்த வசனம் இருக்கிற அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்துவிட்டுத்தான் படுக்கிறது.